இரட்டையர் ஒருகருவா, இருகருவா: கேள்விகளை மட்டும் நம்பி ஆய்வு செய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வையில் மரபின் பங்கு எவ்வளவு என்று அறிய, ஒரே பாலைச் சேர்ந்த 300 இரட்டையர் இணைகளைச் சேர்க்கப் போகிறீர்கள். எல்லோருக்கும் டி.என்.ஏ. சோதனை செய்யப் பணம் இல்லை. ஆகவே, பிள்ளைகளின் தோற்ற ஒற்றுமை பற்றிப் பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்டு, அவர்கள் ஒருகரு இரட்டையரா (ஒரே கருமுட்டை பிரிந்து உருவானவர்கள்) இருகரு இரட்டையரா (தனித்தனி இரண்டு கருமுட்டைகளிலிருந்து உருவானவர்கள்) என்று பிரிக்க நினைக்கிறீர்கள். "அந்த முறை 95 விழுக்காடு சரியாக இருக்கும்" என்கிறார் உங்கள் வழிகாட்டி. "மீதி 5 விழுக்காடு என்னாகும்" என்கிறது நெறிமுறைக் குழு. யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. இரட்டையர் ஆய்வுகளில் தரவு சேகரிப்பிலும் புள்ளியியலிலும் பல ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவர் சொல்வதும் சரிதான், ஏனென்றால் அவர்கள் இருவரும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். 300 இணைகளையும் ஒரு கூட்டமாக வைத்துப் பேசுவதற்குக் கேள்விகள் போதுமா என்பது ஒன்று. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு பிள்ளைகள் யார் என்று சொல்வதற்குப் போதுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை, சில நிபந்தனைகளோடு, ஆம். இரண்டாவதற்கு விடை இல்லை.

இந்த முறை புதிதன்று, அவசரத்துக்குச் செய்துகொண்ட மாற்று ஏற்பாடும் அன்று. 1875-இலேயே பிரான்சிஸ் கால்டன் இரட்டையர்களுக்கும் அவர்களை அறிந்தவர்களுக்கும் கேள்விகள் அனுப்பிப் பதில் பெற்று எழுதியிருக்கிறார். 1924-இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹெர்மன் வெர்னர் சீமென்ஸ், ஒரே ஓர் அடையாளத்தை நம்பாமல் தலைமுடி, கண், தோல் நிறம், மச்சம் எனப் பல கூறுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யும் முறையை வகுத்தார். அஞ்சல்வழிக் கேள்விகளை இரத்தப் பிரிவுச் சோதனைகளோடு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தது சுவீடன் நாட்டுக் குழு. அவர்களுடைய கட்டுரை 1961-இல் வந்தது. சிறு வயதில் நீங்கள் இருவரும் இரண்டு பெர்ரிப் பழங்களைப் போல இருந்தீர்களா, அல்லது ஒரே குடும்பத்தார் என்ற அளவில்தான் ஒத்திருந்தீர்களா என்ற கேள்வியே அதன் உயிர். 1978-இல் பின்லாந்துக் குழுவும் இதே வழியில், பள்ளிப் பருவத்துத் தோற்றம் பற்றிய இரண்டே கேள்விகளை இருவரிடமும் கேட்டு, விடைகள் பொருந்தாத இணைகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றவற்றில் தவறு 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த இரட்டையர்களைத் தொடரும் பெரிய ஆய்வில், பெற்றோர் தந்த விடைகளை டி.என்.ஏ. முடிவுகளோடு ஒப்பிட்டபோது பொருத்தம் 95 விழுக்காடு. உங்கள் வழிகாட்டி சொன்ன எண் இதிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

இவ்வளவு எளிய கேள்விகள் எப்படி இத்தனை சரியாக வருகின்றன என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அவை எங்கே பிசகும் என்பதும் அதிலிருந்தே விளங்கும். இருகரு இரட்டையர் மரபளவில் சாதாரண அண்ணன் தம்பி, அக்கா தங்கையே. சராசரியாகப் பாதி மரபுப் பொருளைப் பகிர்கிறார்கள். சராசரி என்றால் சிலர் மிக அதிகமாகப் பகிர்ந்து ஒருகரு இரட்டையரை நெருங்கிவிடமாட்டார்களா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் உடன்பிறந்தோர் ஆயிரக்கணக்கான இணைகளில் மரபணுத்தொகுதி முழுவதையும் அளந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், அந்தப் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கும் 62 விழுக்காட்டுக்கும் இடையிலேயே நின்றது. ஒருகரு இரட்டையர் பகிர்வது கிட்டத்தட்ட 100. இடையில் இருப்பது வெட்டவெளி. முகமோ, உயரமோ, முடியின் சுருளோ ஒரு மரபணுவால் அமைவதில்லை. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து அமைக்கின்றன. ஆகையால் அந்த வெட்டவெளியே தோற்றத்திலும் தெரிகிறது. எட்ட நின்று பார்க்கும் ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் குழப்பம் வருகிறதா இல்லையா என்பது, அவர்கள் அறியாமலேயே மரபணுத்தொகுதி முழுவதையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டதற்குச் சமம். தனித்தனி அடையாளங்களைக் கேட்பதைவிட "ஆள் மாறிப் போனதுண்டா" என்ற கேள்வி நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

நம் மக்களிடம் இந்தக் கேள்விகளைக் கொண்டுபோகும்போது இதை மறக்கக் கூடாது. ஐரோப்பியக் கேள்வித்தொகுப்புகளில் கண்ணின் நிறமும் முடியின் நிறமும் தவறாமல் இடம்பெறும். ஒருவருக்கு நீலக் கண்ணும் மற்றவருக்குப் பழுப்புக் கண்ணும் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்பதால் அங்கே அவை பயனுள்ளவை. ஏறத்தாழ எல்லோருக்கும் கருமுடியும் கரும்பழுப்புக் கண்ணும் உள்ள இடத்தில் "இருவருக்கும் ஒரே நிறமா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அந்த ஆம்களைக் கூட்டி மதிப்பெண் போட்டால் இருகரு இணைகள் பலவும் ஒருகரு என்று தேறிவிடும். முடி நேரா அலையா சுருளா, காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, தோலின் நிறத்தில் ஒருவர் தெளிவாக மாநிறமும் மற்றவர் கறுப்பும் என்ற வேறுபாடு உண்டா என்பன நம்மிடம் கூடுதல் பயன் தரும். இலங்கையில் 1990-களின் பிற்பகுதியில் இரட்டையர் பதிவேடு உருவானபோது, கேள்விகளை அந்த நாட்டு மக்களின் மொழியில் அமைத்துச் சரிபார்ப்பதும் அதன் தொடக்கப் பணிகளில் ஒன்றாக இருந்தது. உங்களுக்கும் அந்த வேலையைத் தவிர்க்க வழியில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். சுவீடனிலும் பின்லாந்திலும் இரண்டு பெர்ரிப் பழங்கள், ஆங்கிலத்தில் ஒரே தோட்டின் இரண்டு பட்டாணிகள். தமிழில் என்ன எழுதுவது? "உரித்து வைத்தாற்போல" என்ற தொடரைச் சிலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் பிள்ளை அப்பாவையோ பாட்டியையோ கொண்டிருப்பதைச் சொல்லும் தொடர். அதைக் கேட்ட தாய்மார்கள் "பெரியவன் அவங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கான், சின்னவன் என் தம்பி மாதிரி" என்று வேறு வழியில் போய்விடுகிறார்கள். "அச்சு அசலாக ஒரே மாதிரி" என்பது பொருந்துகிறது. எதிர்முனைக்குத் தமிழில் மிக நல்ல சொல் ஒன்று இருக்கிறது: ஜாடை. "சிறு வயதில் இருவரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தார்களா, கூடப்பிறந்தவர்களுக்கு இருக்கும் ஜாடை மட்டும் இருந்ததா, அந்த ஜாடைகூட இல்லையா" என்று கேட்டால் படிக்காத பாட்டிக்கும் வேறுபாடு உடனே புரியும். அடுத்து, தாயிடம் "உங்களுக்கு அடையாளம் தெரியுமா" என்று கேட்டுப் பயனில்லை. பெற்றவளுக்கு எப்போதும் தெரியும், தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வராது. எப்போதாவது வந்துபோகும் உறவினர் மாற்றிக் கூப்பிட்டதுண்டா, வகுப்பாசிரியர் குழம்பியதுண்டா, பழைய புகைப்படத்தைப் பார்த்து இது யார் என்று நீங்களே தயங்கியதுண்டா என்று கேளுங்கள். ஒரே மாதிரி உடுத்தியதைக் கேட்க வேண்டாம். அது பெற்றோரின் விருப்பம். ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்பதையும் சேர்க்க வேண்டாம். ஒருகரு இணைகளிலும் இது பரவலாகக் காணப்படுவதே.

மருத்துவர் என்ன சொன்னார் என்ற கேள்வியை எல்லோரும் சேர்க்கிறார்கள். சேருங்கள், ஆனால் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு அதிக மதிப்பெண் தராதீர்கள். "நஞ்சுக்கொடி இரண்டு இருந்தது, அதனால் இருகரு" என்று பிரசவ அறையில் சொல்லப்பட்டதை வேதவாக்காகச் சுமந்திருந்த குடும்பங்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். ஒரு வீட்டில் பதினான்கு வயதுப் பெண்கள் இருவர். எனக்குக் கடைசிவரை ஆள் பிரியவில்லை. தாயோ மருத்துவமனையில் சொன்னதைச் சொல்லி, இருகருதான் என்று உறுதியாக விடை எழுதியிருந்தார். டி.என்.ஏ. ஒருகரு என்றது. இதில் வியப்பில்லை. கருவுற்ற முட்டை முதல் மூன்று நாள்களுக்குள் பிரிந்தால் ஒருகரு இரட்டையருக்கும் தனித்தனிக் கோரியன் உறையும் (கருவைச் சூழும் வெளியுறை) தனித்தனி நஞ்சுக்கொடியும் அமையும். ஒருகரு இணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்டவை. ஆகவே இரண்டு உறைகள் என்பது எதையும் முடிவு செய்யாது. மறுபுறம், இரண்டு நஞ்சுக்கொடிகள் ஒட்டி வளர்ந்து ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு என்பதால் "ஒன்றுதான் இருந்தது" என்ற நினைவும் சான்றாகாது. கருப்பத்தின் தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ஒரே கோரியன் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் அதை ஒருகருவுக்கு மிக வலுவான சான்றாகக் கொள்ளலாம். விதிவிலக்குகள் மிக அரியவை. இரத்தப் பிரிவும் இப்படி ஒருபக்கம் மட்டுமே பேசும் சான்று. அறிக்கையோடு இருவருக்கும் வேறு பிரிவு என்று தெரிந்தால் இருகரு. ஒரே பிரிவு என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று பொருள்.

இனி நெறிமுறைக் குழுவின் கேள்விக்கு, அந்த 5 விழுக்காட்டுக்கு வருகிறேன். இரட்டையர் ஆய்வின் எளிய கணக்கில், ஒருகரு இணைகளின் ஒட்டுறவிலிருந்து (இணையில் உள்ள இருவரின் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) இருகரு இணைகளின் ஒட்டுறவைக் கழித்து இரண்டால் பெருக்கினால் மரபின் பங்கு கிடைக்கும். உண்மை மதிப்புகள் 0.8, 0.5 என்று வைத்துக்கொள்வோம். மரபின் பங்கு 0.6. இரண்டு குழுக்களிலும் 5 விழுக்காடு இணைகள் இடம் மாறிக் கலந்துவிட்டால், முதல் ஒட்டுறவு 0.785 ஆகக் குறையும், இரண்டாவது 0.515 ஆகக் கூடும். மரபின் பங்கு 0.54 என்று வரும். அதாவது உண்மையில் பத்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும். அந்தக் குறைவில் பெரும்பகுதி குடும்பச் சூழலின் கணக்கில் போய்ச் சேரும்: அது 0.2-இலிருந்து 0.245 ஆக உயர்ந்து தெரியும். இது கவனிக்கத்தக்க பிழைதான். ஆனால் திசை தெரிந்த பிழை, அளவும் தெரிந்தால் திருத்திக்கொள்ளக்கூடிய பிழை. 300 இணைகளில் மாதிரியெடுப்பினால் மட்டுமே வரும் ஏற்ற இறக்கம் இதைவிடப் பெரிதாக இருக்கும். இதுவரை உங்கள் வழிகாட்டி பக்கம்தான் நான் நிற்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும், தவறுகள் குலுக்கல் சீட்டைப் போல எவர்மீதும் விழும் என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. உங்கள் ஆய்வுக்கு அது பொருந்தாது. நீங்கள் அளப்பது கிட்டப்பார்வை. ஓர் ஒருகரு இணையில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கிட்டப்பார்வை வந்து, அவன் மட்டும் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் குழம்பமாட்டார், உறவினர் மாற்றிக் கூப்பிடமாட்டார், பெற்றோர் "நன்றாகவே வேறுபாடு தெரியும்" என்று எழுதுவார். அந்த இணை இருகருக் குழுவில் போய் விழும். ஒருகருக் குழுவிலிருந்து வெளியேறியது பார்வையில் ஒவ்வாத இணை, ஆகவே அந்தக் குழுவின் ஒட்டுறவு செயற்கையாக ஏறும். இருகருக் குழுவுக்குள் நுழைந்ததும் அதே ஒவ்வாத இணை, ஆகவே அங்கே ஒட்டுறவு இறங்கும். வித்தியாசம் பெருகி, மரபின் பங்கு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். முந்தைய பிழைக்கு நேர் எதிர்த் திசை. எத்தனை விழுக்காடு தவறு என்பதைவிட, எந்த இணைகள்மீது தவறு விழுகிறது என்பதே முடிவைக் கெடுக்கும். உடல் எடை, தோல் நோய், பிறவிக் குறை என்று தோற்றத்தை மாற்றும் எதை ஆராய்ந்தாலும் இதே ஆபத்து உண்டு. மனநலத்தையோ படிப்பையோ ஆராய்பவருக்கு இது பெரிய கவலையில்லை. ஆகவே உங்கள் கேள்விகள் எல்லாம் கண்ணாடி வருவதற்கு முந்தைய காலத்தை, மூன்று நான்கு வயதை, நோக்கியே இருக்கட்டும். கண்ணாடியை வைத்து அடையாளம் கண்டால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். அதற்கும் முந்தி, பிறந்த சில மாதங்களின் நினைவை நம்புவதும் சரியன்று; ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்த பிள்ளைகள் சீரற்ற இரத்த ஓட்டத்தால் பிறவி எடையில் பெரிதும் வேறுபட்டுப் பிறப்பதுண்டு, பிறகு ஒன்றுபோல வளர்வதும் உண்டு.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஓரிடத்தில் சரிபார்த்த 95 என்ற எண் வேறிடத்துக்கு அப்படியே பயணம் செய்யாது. உலகெங்கும் ஒருகரு இரட்டைப் பிறப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு என்று நிலையாக இருக்கிறது; இருகருப் பிறப்போ தாயின் வயது, வம்சம், கருத்தரிப்பு மருத்துவம் ஆகியவற்றால் பெரிதும் மாறும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் மிக அதிகம், ஜப்பானில் மிகக் குறைவு. ஒருகரு, இருகரு இரண்டையும் தலா 95 விழுக்காடு சரியாகப் பிரிக்கும் கேள்விகள் உங்களிடம் இருப்பதாகக் கொள்வோம். இணைகளில் பாதி ஒருகரு என்றால், ஒருகரு என்று தீர்ப்பான இணைகளில் 95 விழுக்காடு உண்மையாகவே ஒருகரு. ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஒருகரு என்றால், அதே கேள்விகளைக் கொண்டு ஒருகரு என்று முத்திரை குத்திய இணைகளில் 83 விழுக்காடுதான் உண்மையில் ஒருகருவாக இருக்கும். கருத்தரிப்பு மருத்துவமனைகள் வழியாக நீங்கள் குடும்பங்களைச் சேர்ப்பதாக இருந்தால் இரண்டாவது நிலைமைக்குத்தான் அருகில் இருப்பீர்கள். மாறாக, விளம்பரம் கொடுத்துத் தன்னார்வலர்களைச் சேர்த்தால், பார்த்தவர்கள் வியக்கும் அளவுக்கு ஒத்திருக்கும் ஒருகரு இணைகளே முன்வந்து நிற்பார்கள். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

ஆகவே என் பரிந்துரை இது. எல்லோருக்கும் கேள்விகள், 300-இல் 60 இணைகளுக்கு மட்டும் கன்னத்தின் உட்புறச் செல்கள் எடுத்து டி.என்.ஏ. சோதனை. அந்த 60-ஐக் குலுக்கிப் போட்டு எடுங்கள். ஐயமுள்ள இணைகளை மட்டும் சோதித்தால் தெளிவானவை என்று நினைத்தவற்றில் எத்தனை தவறு என்பது என்றைக்கும் தெரியாது. பணம் மிஞ்சினால் ஐயமுள்ளவற்றையும், ஒருவர் மட்டும் கண்ணாடி அணிந்த இணைகளையும் கூடுதலாகச் சோதியுங்கள். அவற்றைக் கணக்கில் தனியே எடையிட்டுச் சேர்க்கலாம். சோதனைக்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஆளுக்கு ஆள் மிகுதியாக வேறுபடும் ஒரு மரபுக் குறியிடத்தில் (டி.என்.ஏ.வில் ஒப்பிடத் தேர்ந்தெடுக்கும் ஓர் இடம்) உடன்பிறந்த இருவர் தற்செயலாக முழுதும் ஒத்துப்போக 0.4 வாய்ப்பு என்று கொண்டால், அப்படிப்பட்ட பத்து இடங்களிலும் ஒத்துப்போகும் வாய்ப்பு 10,000-இல் 1 அளவுதான். 60-இல் 3 தவறு என்று வந்தால் பிழை 5 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள். அதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லை, அதாவது உண்மைப் பிழை இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 1 முதல் 14 விழுக்காடு வரை விரியும். அந்த அகலத்தை அப்படியே நெறிமுறைக் குழுவிடம் காட்டுங்கள். நேர்மையாகக் காட்டிய அகலமான எல்லை, இரவல் வாங்கிய துல்லியமான எண்ணைவிட அவர்களுக்கு நம்பிக்கை தரும் என்பது என் அனுபவம்.

இடைப்பட்ட விடைகள் தந்த இணைகளை எப்படியாவது ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தள்ளாதீர்கள்; பின்லாந்துக்காரர்கள் செய்ததுபோல மூன்றாவது வகையாக வைத்திருங்கள். அதைவிட நல்ல வழி, ஒவ்வோர் இணைக்கும் ஒருகருவாக இருக்கும் நிகழ்தகவைக் கணக்கிட்டு, முடிவான முத்திரைக்குப் பதிலாக அந்த நிகழ்தகவையே பகுப்பாய்வில் பயன்படுத்துவது. கலப்புப் பரவல் மாதிரிகள் தெரிந்த புள்ளியியலாளர் ஒருவர் இதற்கு உதவுவார். ஒவ்வொரு கேள்விக்கும் வந்த மூல விடைகளையும் பத்திரப்படுத்துங்கள். கூட்டு மதிப்பெண்ணை மட்டும் வைத்திருந்தால், நாளை எல்லோருக்கும் டி.என்.ஏ. கிடைக்கும்போது எந்தக் கேள்வி உழைத்தது என்று பார்க்க முடியாது.

கடைசியாக, ஆய்வு முடிந்ததும் பெற்றோருக்கு முடிவைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்விகளை வைத்து வந்த முடிவைச் சொல்ல வேண்டாம். அது கூட்டத்துக்கான கணிப்பு. அவர்கள் அதைத் தம் பிள்ளைகளைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு நோய் வரும்போது மற்றவரைப் பற்றி அதன் அடிப்படையில் முடிவு செய்வார்கள். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியபோது, பார்த்த எல்லோருக்கும் அவர்கள் ஒருகரு என்றே தோன்றியது. ஆனாலும் மருத்துவர்கள் தோற்றத்தை நம்பிக் கத்தியை எடுக்கவில்லை. கைரேகைகளை ஒப்பிட்டார்கள்; ஒருவருடைய தோலை மற்றவருக்கு ஒட்டவைத்து, உடல் அதை ஏற்கிறதா என்று காத்திருந்து பார்த்த பிறகே அறுவைக்குத் துணிந்தார்கள். டி.என்.ஏ. சோதனை செய்த 60 குடும்பங்களுக்கு, விரும்பினால் மட்டும், ஒருவர் நேரில் உட்கார்ந்து விளக்கும் ஏற்பாட்டோடு முடிவைத் தெரிவியுங்கள். மற்றவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளின் கருவகையை நாங்கள் தனியாகச் சோதித்து உறுதி செய்யவில்லை என்று ஒப்புதல் படிவத்திலேயே தெளிவான தமிழில் எழுதிவிடுங்கள்.